பூட்டிய வீட்டில் வாசித்த எதிருரை

சென்ற மாதம் சென்னையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் அரசுத் தலைமை வழக்குரைஞரின் அலுவலகத்தில் பொறுப்பான பதவியில் இருப்பவர். என் காலத்தில் அங்கே இளையவராக இருந்தவர். நிலம், வீடு தொடர்பான வழக்குகளில் அரசு வழக்குரைஞர் இனி நேரில் செல்லத் தேவையில்லை, வருவாய்த் துறை அனுப்பும் ஒளிப்படமும் காணொளியுமே போதும் என்று புதிய நடைமுறை ஒன்றை வகுக்கிறார்களாம்.

"நேர்ல போய்ப் பாக்கணும்னு எங்கயாவது விதி இருக்கா சார்? நீங்க எப்பவும் போவீங்களே, அதான் கேக்கறேன்."

விதி எதுவும் இல்லை என்றேன். பின் ஏன் போனீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தொலைபேசியில் சொல்லி முடிகிற செய்தியன்று அது. ஆகவே எழுதுகிறேன்.

நான் அமராவதிபுதூரை அடுத்த ஒரு சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தவன். முதலில் தமிழ் படித்தேன், பிறகே சட்டம். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல மிகுதியாக ஒன்றும் இல்லை. மூத்த வழக்குரைஞர் ஒருவர் ஓர் அறையில் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய மற்றொரு வழக்கு வேறோர் அறையில் அழைக்கப்பட்டுவிடும். அப்போது அங்கே இளையவன் ஒருவன் எழுந்து, "அவர் வரும்வரை அவருக்காக நான் நிற்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அவன் வாதம் செய்யக் கூடாது. அந்த வழக்குக்கு ஆள் உண்டு என்று நீதிபதிக்குத் தெரிந்தால் போதும். என் முதல் சில ஆண்டுகள் இவ்வாறு நிற்பதிலேயே கழிந்தன.

நெடுங்காலம் கழித்து நானே மாநிலத்தின் தலைமை வழக்குரைஞராக ஆனபோது, அப்பதவி என்னவென்று என் தாய்மாமனுக்கு விளக்க வேண்டியிருந்தது. அரசின் மேல் யார் வழக்குத் தொடுத்தாலும் அரசுக்காக முதலில் எழுந்து பேசுகிறவன் என்றேன்.

"அப்ப கவருமெண்டு தப்புப் பண்ணுனாலும் நீதான் பேசணுமா மாப்ளே?"

"ஆமா மாமா."

"அடப்பாவமே! அப்ப உனக்கு வீட்டுக்கு வரவே நேரம் இருக்காதே" என்றார்.

அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு முன்னரே ஒரு விடை கிடைத்திருந்தது. அதைத் தந்தவர் வேதாசலம். நான் அரசுப் பணியில் சேர்ந்த காலத்தில் அவரே தலைமை வழக்குரைஞர். நெடிய உருவம், தணிந்த குரல். சினம் வந்தால் அக்குரல் இன்னும் தணியும். அறையிலிருப்போர் மூச்சை அடக்கிக் கேட்க நேரும். வழக்குத் தொடுத்தவரின் மனுவுக்கு அரசு அளிக்கும் மறுமொழியை எதிருரை என்போம். பிறர் அதை மேசையில் வைத்துத் திருத்துவார்கள். வேதாசலம் அதை எடுத்துக்கொண்டு வழக்கிலுள்ள இடத்துக்கே போய்விடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தின் நடுவில் நின்று, முதல் வரியிலிருந்து உரக்கப் படிப்பார். எந்த வாக்கியத்தில் நாக்குத் தயங்குகிறதோ அதன்மேல் நீலப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். காரணம் சொல்வதில்லை. கோடிட்ட வாக்கியம் நீதிமன்றத்துக்குப் போகாது. அது போகாவிட்டால் வழக்கே தோற்கும் என்றாலும் போகாது.

ஒருமுறை ஓர் ஊருணியைப் பற்றிய வழக்கு. ‘நெடுநாளாக நீரற்றுக் கிடக்கும் நிலம்’ என்று எதிருரை சொல்லிற்று. ஐப்பசி மாதம். வேதாசலம் முழங்கால் அளவு நீரில் இறங்கி நின்று அவ்வரியைப் படித்தார். கரையில் வருவாய் ஆய்வாளர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அய்யா, நாங்க சித்திரையில வந்து பாத்தம். அப்பக் கட்டாந்தரையாத்தான் கெடந்துச்சு."

"அப்படியா? நீங்களும் இங்கே இறங்கி வந்து படியுங்களேன்."

"பேண்டு நனைஞ்சிருமேய்யா."

"என் வேட்டி நனைந்துவிட்டது" என்று சொல்லி, நீரிலேயே நின்றபடி கோடிட்டார்.

அவர் மறைந்த பிறகு அப்பழக்கம் என்னிடம் வந்தது. நீலப் பென்சிலும் வந்தது.

இனி, நான் சொல்ல வந்த வழக்கு. அரியக்குடிக்கு அப்பால் ஓர் ஊரில், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற பெரிய வீடு. அதில் தனியே வாழ்ந்த உமையாள் ஆச்சி என்னும் கைம்பெண், பிள்ளையின்றி இறந்தார். உரிமை கோரி எவரும் வரவில்லை. வருவாய்த் துறை வீட்டைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தது. வாரிசு அற்றவரின் சொத்து அரசைச் சேரும் என்பது சட்டம். ஆனால் கணவனின் தந்தைவழியில் எவ்வளவு தொலைவான பங்காளியாயினும் ஒருவர் இருந்துவிட்டால் அரசுக்கு உரிமை இல்லை. அவ்வட்டாரத்தில் இவ்வாறு பூட்டிக் கிடந்த வீடுகள் பல; இவ்வழக்கின் முடிவே அவை அனைத்துக்கும் வழிகாட்டும் என்பதால் நானே வாதிட ஒப்புக்கொண்டேன். அரசு வீட்டை ஏலத்தில் விட இருந்தது. எங்கள் பக்கத்தில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். எடுப்பவருக்கு வீடு வேண்டியதில்லை. தேக்குத் தூண்களும் நிலைக்கதவுமே வேண்டும். ஏலம் முடிந்த கையோடு கூரை இறங்கிவிடும்.

அரசை எதிர்த்து வந்தவர் சொக்கலிங்கம். தேவகோட்டையில் ஒரு பேருந்து நிறுவனத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உமையாள் ஆச்சியின் மாமனாருக்கு உடன்பிறந்த தம்பியே தம் பாட்டனார் என்றார். அப்பாட்டனார் இரங்கூனில் ஒரு பர்மியப் பெண்ணை மணந்து அழைத்து வந்தவர். ஊர் அதை ஏற்கவில்லை. கோயிலுக்கு உரிய குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கில் அவர் வழியினரைச் சேர்க்கவும் இல்லை. ஆகவே ஊரார் எவரும் சொக்கலிங்கத்துக்குச் சான்று சொல்ல முன்வரவில்லை. அவர் காட்டிய சான்று வேறு.

அவ்வீடுகளில் ஆண்டுக்கொருமுறை முன்னோருக்குப் படைப்பு நடக்கும். இறந்தோரின் பெயரால் புடைவையும் வேட்டியும் வைத்து, சோறும் கறியும் படைத்து வணங்குவர். பின் அத்துணிகளை ஓலைப்பேழையில் மடித்து வைத்து, அடுத்த ஆண்டு எடுத்து நனைத்து உலர்த்தி மீண்டும் படைப்பர். பங்காளிகளுக்கே அதில் உரிமை. பிறர் அப்பேழையைத் தொடுவதில்லை. இரங்கூன் ஆச்சி என்று வீட்டார் அழைத்த தம் அப்பத்தா இறந்தபோது, அவருடைய பர்மியப் பட்டுக் கைலியை அவ்வீட்டுப் பெண்களே வாங்கிப் பேழையில் வைத்தார்கள் என்றும், தம் தந்தையை ஒவ்வோர் ஆண்டும் கொல்லை வழியாக அழைத்துப் படைப்பில் நிற்க வைத்தார்கள் என்றும் சொக்கலிங்கம் சொன்னார். ஊர் தள்ளியவளை வீடு தள்ளவில்லை என்பதே அவர் வழக்கு. அது உண்மையாயின் அவர் பங்காளி. அரசுக்கு அவ்வீட்டில் ஒரு செங்கல்லும் இல்லை.

அப்படி ஒரு பேழையும் இல்லை, பர்மியத் துணியும் இல்லை என்றது எங்கள் எதிருரை.

மதுரையில் விசாரணை நடக்கவிருந்த நாளுக்கு முந்தைய நாள் நண்பகலில் அவ்வீட்டுக்குப் போனேன். தாசில்தார் அன்வரும் கிராம நிர்வாக அலுவலர் கருப்பையாவும் உடன் வந்தனர். முறைப்படி சொக்கலிங்கத்துக்கும் அறிவித்திருந்தோம். அவர் வாயிலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

"நான் மொதல்ல வரலைய்யா. நீங்க போயிப் பாத்துட்டுக் கூப்புடுங்க. முன்கூட்டியே வந்தா, நான்தான் கொண்டாந்து வச்சேம்பீக."

அரக்கு உடையாமல் இருந்தது. அன்வர் அதை எங்களுக்கு மும்முறை காட்டினார். "நல்லாப் பாத்துக்கங்க. பொறகு நான் ஒடைச்சேன்னு எழுதிராதீக." கருப்பையா பூட்டில் எண்ணெய் விட்டு நெடுநேரம் போராடினார். "பூட்டுனவனும் நான்தாங்கய்யா. என்னையவே மதிக்க மாட்டேங்குது" என்றார். ஒருவழியாகக் கதவு திறந்தது.

உள்ளே தூசி ஒரு விரற்கடை கனத்தில் படிந்திருந்தது. முகப்பிலும், வளவு எனப்படும் நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்திலும், பூவேலைத் தரையே தெரியவில்லை. அதன்மேல் ஒரு காலடியும் இல்லை. எலியின் தடம்கூட இல்லை. நாங்கள் நடந்த பின் திரும்பிப் பார்த்தால் எங்கள் மூவரின் தடங்கள் மட்டும் வாயிலிலிருந்து எங்களைத் தொடர்ந்து வந்திருந்தன. தாழ்வாரத்தில் துணி உலர்த்தும் மூங்கில் ஒன்று குறுக்கே கட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே தூசியில் சிறு சிறு குழிகள் ஒரே வரிசையாக விழுந்திருந்ததைக் கண்டேன். மழைத்துளி என்று எண்ணினேன். பிறகு மேலே பார்த்தேன். அங்கே ஓட்டுக் கூரை பழுதின்றி இருந்தது. ஊரில் மழை பெய்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

செருப்பைக் கழற்றிவிட்டு வளவின் நடுவில் நின்று எதிருரையைப் படிக்கத் தொடங்கினேன். வெறும் வீட்டில் பேசினால் குரல் திரும்பி வரும். துணியும் ஆளும் உள்ள வீட்டில் வராது. முதல் சில பத்திகளுக்கு என் குரல் நான்கு பக்கத்திலிருந்தும் திரும்பி வந்தது. ‘மேற்படி வீட்டுக்கு உரியவர் என்று எவரும் இலர்’ என்ற வரியைப் படித்தேன். அது திரும்பி வரவில்லை. யாரோ கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதுபோல் அங்கேயே நின்றுவிட்டது. அதுவரை கூரையில் முனகிக்கொண்டிருந்த புறாக்களும் ஓய்ந்தன.

அவ்வரியை மறுபடியும் படித்தேன். அப்போதும் வரவில்லை.

"போதும்ய்யா" என்றார் அன்வர், மிக மெல்ல. "காதுல விழுந்திருச்சு."

யார் காதில் என்று நான் கேட்கவில்லை.

சொக்கலிங்கத்தை அழைத்தோம். அவர் படைப்பு அறையின் வாயிலில் வந்து நின்று, உள்ளே பார்த்து, "வந்துட்டேன்" என்றார். "யாருகிட்டய்யா சொல்றீக?" என்று கேட்ட கருப்பையா விடைக்குக் காத்திராமல் இரண்டடி பின்வாங்கினார். அறையின் மூலையில், மரப்பலகை மேல், ஓலைப்பேழை இருந்தது. எதிருரையின் ஒரு வாக்கியம் அங்கேயே வீழ்ந்தது.

"நீங்கள் திறவுங்கள்" என்றேன்.

"நான் தொட மாட்டேன்ய்யா, நானே உள்ள வச்சேம்பீக. உங்க ஆளே தொறக்கட்டும். குத்தமாயிருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன், அவுகளுக்குப் புரியும்."

"நான் மாட்டேங்கய்யா, புள்ளகுட்டிக்காரன்" என்றார் கருப்பையா.

"நான் மட்டும் என்ன ஆண்டியா?" என்றார் அன்வர். ஆயினும் அவரே குனிந்தார். பிஸ்மி சொல்லிக்கொண்டு மூடியைத் தூக்கினார்.

பூந்திக்கொட்டையின் மணம் எழுந்தது. எங்கள் பக்கத்தில் பட்டுத்துணியை அதில்தான் அலசுவார்கள். அடுக்கின் மேலே இருந்தது புடைவையன்று. அடர்ந்த பச்சை நிறத்தில் அலையலையான கரை ஓடும் பர்மியப் பட்டுக் கைலி. அன்வர் அதன்மேல் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்தார். கட்டைவிரலால் மற்ற விரல்நுனிகளைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஈரமா இருக்குங்கய்யா."

நானும் சொக்கலிங்கத்திடம் இசைவு பெற்றுத் தொட்டேன். அலசிப் பிழிந்து, பாதி உலர்ந்த நிலையில் மடித்த துணியின் ஈரம். அடியிலிருந்த புடைவைகளும் அப்படியே. கருப்பையா கொல்லைப்பக்கம் ஓடிப் பார்த்துவிட்டு அதைவிட விரைவாகத் திரும்பினார்.

"கெணறு தூந்து கெடக்குங்கய்யா. அங்குட்டுக் கொழாயும் இல்ல. கொல்லக் கதவு உள்தாழ் போட்டது போட்டபடி இருக்கு."

சொக்கலிங்கம் நிலைப்படியைப் பற்றிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த அச்சம் இல்லை.

"நாளைக்குத்தாய்யா எங்க படைப்பு நாள். மொத நாள் காலையில நனைச்சுக் காயப் போடுறது வழக்கம்."

"நீங்கள் வந்து நனைத்தீர்களா?"

"நான் எப்படிய்யா? பூட்டுனதுலருந்து உள்ள விட மாட்டேங்கிறாகன்னுதானே கோர்ட்டுக்கே வந்தேன்?"

ஆமென்று சொல்லியிருந்தால் அந்த ஈரத்துக்கு எளிய விளக்கம் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. வீட்டுக்குள் எவரும் வரவில்லை என்பதில் அரசும் அவரும் ஒத்திருந்தோம். ஒவ்வாதிருந்தது அந்த ஈரம் ஒன்றே.

"வீடு யாருக்குன்னு பொறகு சொல்லுங்க" என்றார் அவர். "நாளைக்கு ஒரு நா மட்டும் தொறந்து விடுங்கய்யா. துணி நனைஞ்சிருச்சு. சோறு வைக்க ஆள் வேணுமில்ல?"

நீதிமன்றம் சொல்லாமல் அதைச் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. மூடியை மூடச் சொன்னேன். அவ்வறையின் வாயிலில் நின்று, எதிருரையில் இரண்டு வாக்கியங்களின்மேல் நீலக் கோடு இழுத்தேன். அவற்றை நீக்கிவிட்டால் அரசிடம் வழக்கு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. அன்வர் தம் கைப்பேசியில் பேழையைப் படம் எடுத்துக்கொண்டு, ஆய்வுக் குறிப்பு எழுத உட்கார்ந்தார்.

"இத எப்படி எழுதுறதுங்கய்யா?"

"கண்டதை எழுதுங்கள்."

‘துணிகள் நல்ல நிலையில் உள்ளன’ என்று எழுதினார்.

காரைக்குடிக்குத் திரும்பும் வழியிலேயே வருவாய்த் துறைச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "ஒரு கைலிக்காக விட்டுக்கொடுக்கணுமா சார்?"

"கைலி இல்லை என்று சொல்லியிருக்கிறோம். இருக்கிறது."

"தாசில்தார் அனுப்பின படத்தைப் பார்த்தேன். ஏதோ பழைய துணி. எங்கயிருந்து வேணாலும் வந்திருக்கலாம்."

"படத்தில் அப்படித்தான் தெரியும்."

"மத்த வீடுங்க என்ன ஆகும்? மினிஸ்டர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போகட்டும். உள்ளே நின்று உரக்கப் படித்துப் பார்க்கட்டும்."

"நீங்க இன்னும் ஒருமுறை யோசிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். தலைமை வழக்குரைஞர் அரசு விரும்பும்வரையே அப்பதவியில் இருப்பார் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மறுநாள் காலை முதல் வழக்காகவே அழைத்தார்கள். அரசின் தரப்பில் நான் எழுந்தேன். நேரில் சென்றதையும், பேழையைக் கண்டதையும், மனுதாரர் முன்கூட்டிச் சொன்ன துணியே அதில் இருந்ததையும் கூறி, அரசு இவ்வழக்கை எதிர்க்கவில்லை என்றேன். மனுதாரரின் வழக்குரைஞர் வாதிடுவதற்கு ஆயத்தமாக எழுந்தவர், என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். நீதிபதி எழுதிக்கொண்டே கேட்டார்: "அந்தத் துணி எந்நிலையில் இருந்தது?"

நல்ல நிலையில் இருந்தது என்று நானும் சொல்லியிருக்கலாம்.

"ஈரமாக இருந்தது" என்றேன்.

பேனா நின்றது. "மழையா?"

"இல்லை."

"யாராவது உள்ளே சென்றிருக்கக் கூடுமா?"

"இல்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன."

அவர் சுருக்கெழுத்தரின் பக்கம் திரும்பி, "கடைசி மூன்று விடைகளையும் பதிய வேண்டாம்" என்றார். அன்று மாலைக்குள் திறவுகோலை மனுதாரரிடம் ஒப்படைக்க ஆணை பிறந்தது. ஏலம் நின்றது.

அன்று பொழுது சாயும் வேளையில் அத்தெரு வழியாக வந்தேன், வேண்டுமென்றே வந்தேன். கொல்லைப்பக்கத்து அடுக்களையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. நான் இறங்கவில்லை. அது பங்காளிகளின் சோறு.

சில மாதங்களில் என் பதவி முடிந்தது. காரணம் இதுதானா என்று நான் கேட்கவும் இல்லை, எவரும் சொல்லவும் இல்லை. ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் இருக்கிறேன். ஆண்டுதோறும் படைப்பு முடிந்த மறுநாள் சொக்கலிங்கம் வருவார். நான் எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பேன், அவரும் ஒரே விடையைச் சொல்வார்: "காய்ஞ்சுதாய்யா இருந்துச்சு. நாங்கதான் நனைச்சோம்." அதைக் கேட்பதில் எனக்கு ஓர் அமைதி. உரியவர் வந்துவிட்டார், அவருக்காக எழுந்து நின்றவர் அமர்ந்துவிட்டார் என்று எண்ணிக்கொள்வேன்.

இவ்வாண்டு அவர் காலந்தாழ்ந்து வந்தார். மெலிந்திருந்தார். நெஞ்சுவலி கண்டு மதுரையில் மருத்துவமனையில் கிடந்தாராம். துணியை நனைக்கும் நாளில் போக ஆள் இல்லை. படைப்பன்று காலையில்தான் சிங்கப்பூரிலிருந்து மகள் வந்திறங்கினாள்.

"கட்டிக் குடுத்த புள்ளதான், ஆனா வேற ஆளில்லையேய்யா. சாவியக் குடுத்து ஓடுன்னேன்."

"அதுவரை வீடு பூட்டியே இருந்ததா?"

"பூட்டித்தாய்யா இருந்துச்சு. சாவி என் தலமாட்டுலதானே கெடந்துச்சு."

என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

மகள் திரும்பி வந்து தமக்குக் காட்டியதை அவர் எனக்குக் காட்டினார். வலக்கையை நீட்டி, கட்டைவிரலால் மற்ற விரல்நுனிகளை மெல்லத் தேய்த்தார்.